டிசம்பர் வந்தால் சுனாமி வருமா?

எங்கள் சித்தி நீரோடியில் இருக்கிறாள். நீரோடி என்றால் தமிழ்நாட்டுக் கரையின் கடைசி ஊர், அதைத் தாண்டினால் பொழியூர், அது கேரளா. வீட்டில் ஓடுவது பாதி நேரம் மலையாள சேனல்தான். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் முதல் வாரம் சித்தியிடமிருந்து எனக்கு ஒரு போன் வரும். "மக்களே, மாசம் பொறந்தாச்சு. இந்த வருஷம் வருமா?" எது வருமா என்று நான் கேட்பதில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும், அதில் ரேஷன் கார்டு, பாஸ்புக், வீட்டுப் பத்திரத்தின் நகல், ஒரு டார்ச். டிசம்பர் முதல் தேதி அதை மாட்டுவாள், ஜனவரி பிறந்ததும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள்.

சிரிக்க வேண்டாம். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவருக்கு இது நியாயமான கேள்வி, ஏனென்றால் அவர் பார்த்த கடலுக்கு உண்மையிலேயே நாள்காட்டி இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் கடல் கேறும், கரையைத் தின்னும், வருஷா வருஷம் யாராவது ஒருவர் வீட்டின் பின்சுவர் போகும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏற்றவற்றம் கூடும். மழைக்காலத்துக்கு முன்னால், சித்திரை வைகாசி வெயிலில், காற்றே இல்லாத ஒரு நாளில் கள்ளக்கடல் வந்து தெருவுக்குள் நுழையும். இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு பருவம் வைத்திருக்கிற கடல், சுனாமிக்கு மட்டும் வைக்காமலா இருக்கும்? 2004-இல் வந்தது டிசம்பர் 26. பௌர்ணமி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சித்தியின் கணக்கு அதிலிருந்து தொடங்குகிறது.

கணக்கில் தப்பு எங்கே என்றால், மேலே சொன்ன எல்லாமே மேலிருந்து வருகிறவை. காற்றுக்குப் பருவம் உண்டு, அதனால் காற்று கிளப்புகிற அலைக்கும் உண்டு. நிலாவுக்குத் திதி உண்டு, அதனால் ஏற்றவற்றத்துக்கும் உண்டு. கள்ளக்கடலும் காற்றின் பிள்ளைதான், அந்தக் காற்று அடித்த இடம் நமக்குத் தெரியாத தூரத்தில், தெற்கே அண்டார்டிகா பக்கத்துக் கடலில் இருப்பதால் நமக்குத் திருட்டுத்தனமாக வருவது போலத் தெரிகிறது. சுனாமி கீழேயிருந்து வருகிறது, கடலுக்கு அடியில் இருக்கிற தரை அசைவதால். தரைக்கு வெயில்காலமும் தெரியாது, மழைக்காலமும் தெரியாது.

தரை எப்படி அசைகிறது என்பதைக் கையாலேயே பார்த்துவிடலாம். வலது கையைக் கவிழ்த்து மேசைமேல் வையுங்கள். இடது கை விரல் நுனிகளை வலது புறங்கையில் ஊன்றி நன்றாக அழுத்துங்கள். இப்போது வலது கையை மெல்ல இடது உள்ளங்கைக்கு அடியில் தள்ளுங்கள். விரல் நுனி உடனே வழுக்காது, ஒட்டிக்கொண்டு கூடவே இழுபடும், விரல் வளையும், முட்டி மேலே புடைக்கும். கொஞ்ச நேரத்தில் தாங்காமல் சடக்கென்று நழுவும், வளைந்திருந்த விரல் வெளியே பாய்ந்து நீளும். வலது கை என்பது இந்தியத் தட்டு, அதாவது பூமியின் மேலோட்டில் நம்மைச் சுமக்கிற பெரிய பாறைத் துண்டு, வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர், அதாவது நம் நகம் வளர்கிற வேகத்தில், சுமத்ரா, அந்தமான் பக்கம் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. விரல் நுனி என்பது கடலடித் தரை. நூற்றாண்டுக் கணக்கில் வளைந்து நின்றுவிட்டு ஒருநாள் நழுவுகிறது, நழுவும்போது மேலே இருக்கிற மொத்தக் கடலையும் தூக்கிவிடுகிறது.

2004-இல் அந்த நழுவல் நம் நேரப்படி காலை 6 மணி 28 நிமிடம் 53 நொடிக்குச் சுமத்ராவின் வட முனையருகே தொடங்கி, அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குத் துணி கிழிவதுபோல் வடக்கே ஓடியது. முழுதாகக் கிழிய எட்டுப் பத்து நிமிடம் ஆனது. ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்கிற அளவில் 9.1, சிலர் கணக்கில் 9.3. 14 நாடுகளில் சுமார் 2,27,000 பேர் போனார்கள்.

இதில் டிசம்பர் என்பதற்கு ஒரு வேலையும் இல்லை. சித்திக்குக் காட்டுவதற்காக ஒரு தடவை மாதம் மாதமாக எழுதிப் பார்த்தேன், பன்னிரண்டு மாதமும் நிரம்பிவிட்டது. ஜனவரியில் டோங்கா, 2022, அது எரிமலை. பிப்ரவரியில் சிலி, 2010. மார்ச்சில் ஜப்பான், 2011. ஏப்ரல் 1946-இல் அலாஸ்காவை ஒட்டிய அலூசியன் தீவுகளில் கிளம்பியது ஹவாயை அடித்தது. மே 1960-இல் மறுபடி சிலி, இதுவரை கருவியில் பதிந்ததிலேயே பெரிய நிலநடுக்கம், 9.5. ஜூன் 1896 ஜப்பானின் சன்ரிக்குக் கரை. ஜூலை 1998 பப்புவா நியூ கினி. ஆகஸ்ட் 1883 கிரக்கத்தோவா எரிமலை. செப்டம்பர் 2018 இந்தோனேசியாவின் பாலு. அக்டோபர் 2010 சுமத்ராவுக்கு மேற்கே மெந்தாவாய்த் தீவுகள். நவம்பர் 1755 லிஸ்பன். டிசம்பர் நமக்குத் தெரியும்.

சித்தி விடவில்லை. லிஸ்பனில் அது நவம்பர் 1, சகல புனிதர் திருநாள், ஜனங்கள் கோயிலில் பூசையில் இருந்தபோது நடந்தது என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். 1964-இல் அலாஸ்காவில் நடந்தது பெரிய வெள்ளி அன்று என்பதும் வெளியே வந்துவிட்டது. "பாத்தியா, எல்லாம் திருநாளா இருக்கு!" என்றாள். நல்லவேளை, 1896-இல் சன்ரிக்குக் கரையில் அலை வந்ததும் ஒரு பண்டிகை நாள் மாலையில்தான் என்பது அவளுக்குத் தெரியாது. இப்படித்தான் மனம் கணக்குப் போடும். திருநாளில் வந்தது நினைவில் தங்கும், வெறும் செவ்வாய்க்கிழமையில் வந்தது தங்காது. பௌர்ணமிக் கதையும் அதே ரகம்: 2004 பௌர்ணமி சரி, 2011 மார்ச் 11-க்கு ஜப்பானில் பௌர்ணமி வர இன்னும் எட்டு நாள் பாக்கி. நிலா செய்யக்கூடிய ஒன்று உண்டு. அலை கரை சேர்கிற நேரம் கடல் ஏற்றத்தில் இருந்தால் தண்ணீர் அந்த அளவுக்கு உயரத்திலிருந்து உள்ளே வரும், வற்றத்தில் இருந்தால் அந்த அளவுக்குக் குறையும்.

சரி, நாள் இல்லை. ஆனால் இடம் இருக்கிறது, அதுவும் ஓரளவு கறாராகவே இருக்கிறது, இதைத்தான் நம் ஊரில் பலரும் கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

உலக வரைபடத்தில் பசிபிக் கடலைச் சுற்றி ஒரு கோடு இழுங்கள்: சிலி, பெரு, மெக்சிகோ, அலாஸ்கா, ரஷ்யாவின் கம்சாத்கா, ஜப்பான், பிலிப்பைன்ஸ், டோங்கா. இந்த வளையத்தில்தான் உலகத்துச் சுனாமிகளில் பெரும்பங்கு பிறக்கிறது, காரணம் வளையத்தின் பெரும்பகுதியில் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. அட்லாண்டிக்கின் நடுவில் அப்படி இல்லை. அங்கே தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன, விலகுகிற இடத்தில் அவ்வளவு அழுத்தம் சேராது. அதனால் லிஸ்பன் மாதிரி ஒன்றிரண்டைத் தவிர அந்தப் பக்கம் கதை குறைவு. இந்தியப் பெருங்கடலில் நம்மை மிரட்டக்கூடிய பெரிய ஊற்றுகள் இரண்டு. ஒன்று கிழக்கே, அந்தமானில் தொடங்கிச் சுமத்ரா வழியாக ஜாவா வரை போகிற பள்ளம். இன்னொன்று வடமேற்கே, பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் தெற்கே இருக்கிற மக்ரான் கரை. 1945 நவம்பரில் மக்ரானில் 8.1 அளவுக்கு அதிர்ந்து, அலை பம்பாய் வரை வந்தது. நம் குமரிக் கரை மேற்கே பார்த்து இருப்பதால் நமக்குக் கிழக்கு ஊற்றும் கணக்கு, மேற்கு ஊற்றும் கணக்கு. குமரிமுனைக்குப் பக்கத்திலேயே கடலடியில் இப்படித் தட்டு புகுகிற பள்ளம் எதுவும் கிடையாது. நாம் வாங்கிக்கட்டிக்கொள்கிறவர்கள், அவ்வளவுதான்.

பெரிய நிலநடுக்கம் என்றாலே சுனாமி என்றும் இல்லை. 2012 ஏப்ரல் 11 நினைவிருக்கலாம். மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த நேரம், சென்னையில் அலுவலகங்களிலிருந்து ஆட்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். சுமத்ராவுக்கு அப்பால் 8.6, சாதாரண அளவா அது? தமிழ்நாட்டுக் கரைக்கு எச்சரிக்கை விட்டார்கள், சில மணி நேரத்தில் விலக்கிக்கொண்டார்கள். நமக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று தரை பக்கவாட்டில் வழுக்கியது, நிலைக்கண்ணாடி அலமாரியின் கதவை இழுப்பதுபோல. மேலே தூக்கவில்லை. தண்ணீரைத் தூக்காத அசைவு எவ்வளவு பெரிதானாலும் அலை சின்னதுதான். உடனே பாலுவைக் கேட்பீர்கள், அங்கேயும் பக்கவாட்டு அசைவுதானே என்று. அது குறுகலான குடாக்கடல், கரையோரத்திலும் அடியிலும் மண் சரிந்தது, அதனால் அடித்தது. எரிமலை, மண்சரிவு வகைகளில் முன்னறிவிப்பு கிடைப்பதும் கஷ்டம். 2018 டிசம்பர் 22 இரவு அனாக் கிரக்கத்தோவா எரிமலையின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்தபோது, பெரிய நிலநடுக்கம் எதுவும் இல்லாமலே அலை வந்து 400-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. (டிசம்பரா என்று சித்தி குறித்துக்கொள்வாள்.)

இனி எனக்கே ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்த விஷயம். குளச்சல் மேற்கே பார்த்த ஊர், அலை வந்ததோ கிழக்கிலிருந்து, நடுவில் இலங்கை என்று ஒரு முழுத் தீவு மதில்போல நிற்கிறது. பிறகு எப்படிக் குமரி மாவட்டத்தில் 800 பேர் வரை இறந்தார்கள்? கேரளத்தில் இறந்த சுமார் 170 பேரில் பெரும்பாலோர் கொல்லத்துக்கு வடக்கே ஆலப்பாட்டில் எப்படி?

பதில் அலையின் நீளத்தில் இருக்கிறது. நாம் பார்க்கிற காற்றலையின் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே சில பத்து மீட்டர், மிஞ்சினால் சில நூறு மீட்டர். சுனாமிக்கு அது நூறு கிலோமீட்டரைத் தாண்டும். இவ்வளவு நீளமான அலைக்கு ஆழ்கடல்கூட முழங்கால் தண்ணீர்தான், போகிற வழியெல்லாம் தரையை உரசிக்கொண்டே போகிறது. ஆழம் கூடுதலான இடத்தில் வேகம், குறைந்த இடத்தில் மெதுவு. ஆழத்தைப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும்: 4,000 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 200 மீட்டர், மணிக்கு 720 கிலோமீட்டர், விமான வேகம். கரையோரம் 10 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 10, மணிக்கு 36, ஊருக்குள் பஸ் போகிற வேகம். இலங்கையின் தென்முனையைத் தாண்டும்போது அலையின் கரைப்பக்கம் ஆழம் குறைந்து பின்தங்குகிறது, கடல்பக்கம் முன்னே ஓடுகிறது, ஆக மொத்த அலையும் கரையைப் பார்த்துத் திரும்புகிறது. திருவிழாச் சப்பரம் மூலையில் திரும்பும்போது உள்பக்கம் பிடித்தவர்கள் நின்று நின்று காலெடுத்து வைப்பதும் வெளிப்பக்கத்தார் ஓடுவதும் பார்த்திருப்பீர்கள், அதேதான். இலங்கையைச் சுற்றிக்கொண்டு, குமரிமுனையையும் சுற்றிக்கொண்டு, நிலநடுக்கம் நடந்து மூன்று மணி நேரத்துக்கும் மேல் கழித்து அது குளச்சலுக்கு வந்தது. எங்கள் குமரிக் கரை மீனவ ஊரான வல்லவிளையைச் சேர்ந்தவர் இதைப் படித்தால் ஆழக்கடலில் அன்று வள்ளத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நடுக்கடலில் செயற்கைக்கோள் அளந்தபோது அலை உயரம் 60 சென்டிமீட்டர் அளவுதான். ஓடிவந்த வேகமெல்லாம் கரையோரம் குறையும்போது பின்னால் வருகிற தண்ணீர் முன்னால் போவதன்மேல் ஏறி உயரமாகிறது. சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் துறைமுக அலை என்றுதான் பொருள். கடலுக்குப் போனவர்கள் ஒன்றும் உணராமல் திரும்பிவந்து பார்த்தால் துறை இருக்காது.

கரைக்கு வந்தபிறகும் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி அடிக்கவில்லை. ஆற்று முகம் இருந்தால் அதன் வழியே உள்ளே போகும். மணக்குடியில் காயலின் குறுக்கே இருந்த பாலத்தையே பெயர்த்துத் தள்ளியது. கொட்டில்பாட்டில் முன்னால் கடல், பின்னால் ஏ.வி.எம். கால்வாய். ஓடியவர்கள் கால்வாயில் மாட்டிக்கொண்டார்கள். ஆலப்பாட்டிலும் அதே அமைப்பு, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் ரிப்பன் மாதிரி ஒரு துண்டு நிலம்.

அடுத்தது எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்பது. சுமத்ராவின் ஆச்சே கரையில் ஒரு குகை இருக்கிறது, 2017-இல் அதைப் பற்றி ஆய்வு வெளியானது. குகை வாயில் கொஞ்சம் உயரம், சாதாரணப் புயலலை உள்ளே ஏறாது, சுனாமி மட்டும் ஏறி மணலை விட்டுவிட்டுப் போகும். அப்புறம் அடுத்த சுனாமி வரை குகைக்குள் இருப்பது வவ்வால்கள், அவை எச்சமிட்டு எச்சமிட்டு மணலை மூடும். மணல், எச்சம், மணல், எச்சம் என்று கேக் மாதிரி அடுக்கு. தோண்டிப் பார்த்தபோது சுமார் 7,400 வருஷத்துக்கு முன்பிலிருந்து 2,900 வருஷத்துக்கு முன்பு வரை குறைந்தது 11 சுனாமிகள். சராசரி போட்டால் 450 வருஷத்துக்கு ஒன்று என்று வரும், போட்டால் ஏமாந்து போவோம். ஒரு இடத்தில் 2,000 வருஷத்துக்கும் மேல் ஒன்றுமே இல்லை. இன்னொரு இடத்தில் ஒரே நூற்றாண்டுக்குள் நான்கு. எங்கள் ஊர் பஸ் மாதிரிதான், பலகையில் அரை மணிக்கு ஒன்று என்று போட்டிருக்கும், ஒன்றரை மணி நேரம் நின்றாலும் வராது, வந்தால் மூன்று சேர்ந்து வரும்.

கம்சாத்காவில் 1952-இல் 9.0, கிட்டத்தட்ட அதே இடத்தில் 2025 ஜூலையில் 8.8. எழுபத்து மூன்று வருஷம்தான் இடைவெளி. ஒருமுறை வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டலாம். மறக்காமல் வைத்திருப்பதற்குப் பலன் உண்டு என்பதற்கு சிமெலுவே தீவு. 2004 நடுக்கம் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்துத் தீவு, கிட்டத்தட்ட 78,000 பேர், இறந்தவர்கள் ஏழு பேர். 1907-இல் அடிபட்டவர்கள் "ஸ்மோங்" என்று ஒரு சொல்லை வைத்து, தரை ஆடி கடல் வாங்கினால் மலைக்கு ஓடு என்று பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டிலும் கதையிலும் சொல்லிக்கொண்டே வந்திருந்தார்கள்.

கடல் வாங்கினால் என்றதும் இன்னொரு குழப்பம். கன்னியாகுமரியில் கடல் உள்வாங்கியது, விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தம் என்று மாதம் ஒரு செய்தி வரும், உடனே போனுக்குப் போன் பறக்கும். முக்கால்வாசி அது வெறும் வற்றம். கையில் கடிகாரம் இருந்தால் போதும். ஏற்றவற்றம் ஆறு மணி நேரம் எடுத்து மெதுவாக இறங்கும், ஆறு மணி நேரம் எடுத்து ஏறும், நம் கரையில் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டருக்குள். கள்ளக்கடலின் அலை பதினைந்து இருபது நொடிக்கு ஒன்று. சுனாமியோ பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒன்று: தண்ணீர் வாங்கினால் நிமிடக் கணக்கில் வாங்கிக்கொண்டே போகும், வந்தால் நிமிடக் கணக்கில் வந்துகொண்டே இருக்கும். முதல் அலைதான் பெரிது என்றும் இல்லை, அடங்கிவிட்டது என்று திரும்பி வந்தவர்களை 2004-இல் அடுத்த அலை எடுத்தது. எல்லாச் சுனாமியும் முதலில் கடலை உள்வாங்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கள்ளக்கடல் சின்ன விஷயம் என்று இதற்கு அர்த்தம் எடுக்க வேண்டாம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது அதுதான், எச்சரிக்கை வந்திருந்த நாட்கள். அந்த எச்சரிக்கையும் சுனாமி எச்சரிக்கையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன: ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம், அங்கே 2007-இலிருந்து சுனாமி மையம் இரவும் பகலும் ஓடுகிறது. கள்ளக்கடலை அவர்களால் இரண்டு மூன்று நாள் முன்பே சொல்ல முடியும், தெற்கே காற்று அடித்துவிட்டது, அலை கிளம்பிவிட்டது, வரவேண்டியது மட்டும்தான் பாக்கி. சுனாமியைத் தரை அசைந்தபிறகுதான் சொல்ல முடியும், ஆனால் சுமத்ராவோ மக்ரானோ, நமக்குக் கையில் சில மணி நேரம் இருக்கிறது. 2004-லும் இருந்தது. சொல்ல ஆள் இல்லை.

இதையெல்லாம் ஒரு டிசம்பர் முழுக்கத் தவணை முறையில் சித்திக்குச் சொன்னேன். மக்ரான் என்று சொன்னபோது மட்டும் நிறுத்தி, எந்தத் திசை என்று கேட்டுக்கொண்டாள். மே மாதம் ஒரு நாள் ராத்திரி போன். பின்னால் அலைச்சத்தமும் ஆட்கள் கத்துவதும் கேட்டது, தண்ணீர் தெருவுக்கு வந்துவிட்டிருந்தது.

"மக்களே, பையை எடுத்து மேலத்தெரு வந்தாச்சு. நிண்ணு எண்ணிப் பாத்தேன் கேட்டியா. பதினெட்டு எண்ணுறதுக்குள்ள அடுத்தது வந்துட்டு. இது கள்ளன்தான்."